பிரேக் ஆயில் கசிந்தால் பேஸ்ட் தடவ விடாதீர்கள்

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஓரம் ஈரமாகத் தெரிந்தால், மெக்கானிக் கசிவை அடைக்கத் தடவும் கேஸ்கட் பேஸ்டைக் கையில் எடுப்பதற்குள் வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது என்ஃபீல்டு ஃப்யூரி 175. புல்லட்டைத் தெரிந்தவர்களில் பலருக்கு இந்த வண்டியைத் தெரியாது. ஜெர்மனியின் சுன்டாப் வண்டியை அடிப்படையாக வைத்து என்ஃபீல்டு செய்தது. ஐந்து கியர், முன்சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக். நம்ம ஊர் பைக் எல்லாம் டிரம் பிரேக்கை நம்பி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். நான் திருவொற்றியூர்க்காரன், 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை எங்கள் ஊரில்தான், எங்கள் தெருவிலேயே அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், அதனால் அந்தப் பெயர் போட்ட எந்த வண்டியையும் என்னால் சும்மா கடந்து போக முடியாது.

என் வண்டியில் சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் பழையதுதான், ஆனால் மேலே ஹேண்டில்பாரில், லிவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை, அதன் ஆயில் டப்பாவோடு, முந்தைய ஓனர் எப்போதோ மாற்றிவிட்டார். இரண்டு ஸ்க்ரூ போட்ட சதுர மூடி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு, அதற்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர். கசிந்தது அந்த ரப்பரின் ஓரம் வழியாகத்தான். பெட்ரோல் டேங்கில் பிரேக் லிவருக்கு நேர் கீழே பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போச்சு, அவ்வளவுதான். பட்ட உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பிழைக்கும், ஏனென்றால் அது தண்ணீரில் கரையும்.

எங்கே கசிகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டப்பா, லிவர், ஹோஸ் சேரும் இடம் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். நான் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டினேன், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிரேக்குக்கு அங்கே வேலை நிறைய. திரும்பி வந்து பார்த்தால் மூடிக்கு அடியில் மட்டும் பவுடர் சேறாகிக் கிடந்தது. லிவர் பக்கம் இருக்கும் ரப்பர் உறைக்குள் நனைந்திருந்தால் கதை வேறு. அது பிஸ்டனின் சீல், மாஸ்டர் சிலிண்டரையே பிரிக்க வேண்டும், அந்த வண்டியை அப்படியே ஓட்டவும் கூடாது.

தண்டையார்பேட்டையில் ஒரு பையன், நல்ல வேலைக்காரன்தான், பார்த்த உடனே “பேஸ்ட் போட்டு மூடிடலாம்ணா, ரெண்டு வருஷம் தாங்கும்” என்றான். வேண்டாம் என்றேன். டப்பாவின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் ஒன்று ஊசி முனை அளவுதான். லிவரை விட்டதும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி அது. பேஸ்டிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து அதை அடைத்துவிட்டால் ஆயில் திரும்பாது, ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். எங்கோ சாலை நடுவில் முன்சக்கரம் இறுகிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ரப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும். ரப்பரின் மடிப்புகள் விரிந்து அதோடு கூடவே கீழே இறங்கும். ஆயிலுக்கு மேலே காற்று படாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நம்ம கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அதற்கு விதித்திருக்கும் அளவே 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவி, அப்புறம் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும்.

சரி, ரப்பர் எங்கே கிடைக்கும்? பழைய ரப்பரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தேன். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னக் கடையில் பெரியவர் ஒருவர் “இன்னா வண்டிப்பா இது?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரப்பரை வாங்கி விரலால் மடிப்பை நீட்டிப் பார்த்து, உள்ளேயிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துவந்தார். பழையதன் ஓரம் விரைப்பாகி, மூடி அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றிருந்தது. புதியதை அழுத்தினால் உடனே எழும்பியது. கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

ரப்பர் என்றால் எல்லா ரப்பரும் ஒன்றில்லை. பிரேக்குக்கு வருவது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஓ-ரிங் நைட்ரைல் ரப்பராக இருக்கும், அது எஞ்சின் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கும், பிரேக் ஆயிலில் ஊறினால் கெட்டுவிடும். ஈ.பி.டி.எம். அப்படியே தலைகீழ். பெட்ரோலோ, மண்ணெண்ணெயோ, கிரீஸோ பட்டால் ஊதிப்போகும். அதனால் நம்ம பட்டறைகளில் எல்லாவற்றையும் பெட்ரோலில் அலசும் பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். கழுவ வேண்டுமென்றால் புது பிரேக் ஆயிலே போதும்.

ஸ்க்ரூ இரண்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும், அதற்கப்புறம் டிரில் போடுவதைத் தவிர வழியில்லை. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன், அசைந்து கொடுத்தது. மூடியைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வளைந்திருந்தது. கசிவை நிறுத்த யாரோ ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி வளைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்து, மூடியை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தினேன். மூடியில் காற்று போகும் சின்னப் பள்ளம் இருக்கும், அதில் அழுக்கு அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயில் டீ நிறத்தில் இருந்ததால் முழுவதும் மாற்றிவிட்டேன். லிவரை அழுத்திப் பிடித்து, கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லிவரை விட வேண்டும். நடுவில் டப்பா காலியாகிவிடக் கூடாது. அப்புறம் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், சூட்டில் விரிந்து புது ரப்பரையும் தாண்டி வெளியே வரும். ரப்பரின் மடிப்புகளை உள்ளே தள்ளி உட்கார வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, மூடி உட்காரும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

மறுபடியும் பவுடர் தூவி எண்ணூர் வரை போய் வந்தேன். பவுடர் தூவியபடியே காய்ந்திருந்தது, லிவரும் கெட்டியாக நிற்கிறது. ஃப்யூரியின் ஒரிஜினல் பிரெம்போ மாஸ்டர் சிலிண்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.