பயனாளர் கையொப்பம்

அலுவலகத்தில் என் வேலை வாங்கிப் போடுவது. காகிதம், டோனர், நாற்காலி, கழிவறைக்குச் சோப்பு என்று எது வேண்டுமானாலும் முதலில் என் மேசைக்கு இண்டென்ட், அதாவது தேவையை எழுதிக் கேட்கும் தாள், வர வேண்டும். எந்தப் பிரிவுக்கு, எத்தனை, எதற்கு, கடைசியில் பயனாளர் கையொப்பம். அந்தக் கையொப்பம் இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் நான் கறார். பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் வாங்கிய பொருள் அலமாரியில்தான் தூங்கும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

அப்படிப்பட்ட நான்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் யாரையும் கேட்காமல் நாற்பது பொட்டலம் கட்டினேன்.

வழக்கமாக நாங்கள் சீக்ரெட் சாண்டா விளையாடுவோம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு காபிக் கோப்பை. எல்லோர் மேசையிலும் கோப்பைகள் குவிந்துவிட்டன. இந்தத் தடவை அந்தப் பணத்தில் தெருவில் படுப்பவர்களுக்கு ஏதாவது செய்வோமே என்று கணக்குப் பிரிவு நண்பர் ஆரம்பித்தார். ஒரே மதிய இடைவேளையில் முடிவாகிவிட்டது. கேக், முந்திரி பிஸ்கட், வாசனை மெழுகுவர்த்தி (ஆமாம், மெழுகுவர்த்தி), தடிமனான போர்வை, வாழ்த்து அட்டை. எல்லாவற்றையும் தங்க நிறத் தாளில் சுற்றி, மேலே சிவப்பு ரிப்பன். அந்த ரிப்பன் நுனியைச் சுருள் சுருளாக இழுத்துவிடவே இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பஸ் நிலையத்தில் போய்க் கொடுத்தோம். முதல் பொட்டலத்தை வாங்கிய பெரியவர் பிரித்துப் பார்த்துவிட்டு பிஸ்கட்டை மட்டும் திருப்பி நீட்டினார். வாயைத் திறந்தும் காட்டினார். முன்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. அடுத்து ஓர் அம்மா. போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. பகல்ல இதை எங்க வைப்பேன்?"

அவரிடம் இருந்தது ஒரே ஒரு துணிப்பை. அதுவும் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் என் காலைப் பார்த்தார். "சாக்ஸ் இருக்கா?"

நாற்பது பொட்டலத்தில் ஒன்றில்கூட இல்லை.

மீதிக் கதையை விடுமுறை முடிந்து வந்த அன்று எங்கள் செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். தங்கத் தாளும் ரிப்பனும் நடைமேடை முழுக்கப் பறந்ததாம். பெருக்க வந்தவர்கள் சண்டை போட, அங்கே படுத்திருந்த எல்லோரையும் இரண்டு ராத்திரிக்கு எழுப்பி விரட்டிவிட்டார்களாம். குப்பை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் நவம்பரிலேயே வெற்று இண்டென்ட் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இரவுக் காப்பகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் முதல் வரியிலேயே சாக்ஸ் என்று எழுதச் சொன்னார். "வீடில்லாதவங்களுக்கு வண்டி, வாகனம் எல்லாம் அந்தக் கால்தான் சார்." நாளெல்லாம் நடை. எழுப்பி விட்டால் ராத்திரியும் நடை. களவு போய்விடும் என்று செருப்பை, ஷூவைக் கழற்றாமலே தூங்குவது. ஈரத்திலும் குளிரிலும் மணிக்கணக்காக ஊறிய பாதம் மரத்து, தோல் உரிந்து, புண்ணாகிவிடும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த அதே 'டிரெஞ்ச் ஃபுட்'. அதற்கு உறைபனி வேண்டியதில்லை, 15 டிகிரி செல்சியஸிலும் வரும். சாக்ஸை மாற்று, காலைத் துடை, ஒருவர் காலை மற்றவர் பார் என்று அந்தப் போரில் உத்தரவே போட்டார்கள். பருத்தி சாக்ஸ் நனைந்தால் சூடு போய்விடும், கம்பளி என்றால் நனைந்த பிறகும் கொஞ்சம் தாங்கும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள நான் போக வேண்டியிருந்த தூரம் மூன்று தெரு.

பட்டியலில் அப்புறம் வந்தவை: உள்ளாடை (பழைய சட்டையை எல்லோரும் தருகிறார்கள், உள்ளாடையைப் புதிதாகத்தான் தர முடியும், அதனால் யாரும் தருவதில்லை), நாப்கின், நகவெட்டி, கடிக்க வேண்டியிராத ரொட்டி.

பஸ் நிலையத்துக்கும் போனேன். அந்த அம்மா அதே தூணடியில் இருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதும் பதில் சொல்லாமல் துணிப்பையின் அடியில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொன்று, அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. எட்டாக மடித்த ஆஸ்பத்திரித் தாள், மடிப்பு தோறும் கிழிந்து, ஜன்னல் ஜன்னலாக. அடையாள அட்டையின் நகல் மழையில் ஊறி, முகம் இருந்த இடத்தில் நீல மசி. "இது போச்சுன்னா நான் யாருன்னு நானே சொன்னாலும் நம்ப மாட்டாங்க தம்பி."

தண்ணீர் புகாத ஜிப் உறை எங்கள் ஸ்டோரில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. ஒப்பந்தத் தாள்களுக்காக வாங்கியது. நான் வாங்கியதிலேயே மலிவான பொருட்களில் ஒன்று அது. அந்த வருடம் பொட்டலத்துக்குப் பதில் அந்த உறைகளும் சாக்ஸும்தான் போயின. கேட்டவர்களுக்கு நம் ஜெராக்ஸ் மெஷினில் நகலும் எடுத்துக் கொடுத்தோம்.

கணக்குப் பிரிவு நண்பர் வரவேற்பறையில் ஒரு பெரிய சட்டியை வைத்துப் பணம் திரட்டினார். 1891-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஜோசப் மெக்ஃபீ படகுத் துறையில் நண்டு வேகவைக்கும் சட்டி ஒன்றை வைத்து வசூலித்தாராம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். மெக்ஃபீக்கு ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு போட வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது, சட்டி பிறகுதான் வந்தது. நாங்கள் ரிப்பனில் ஆரம்பித்தவர்கள். போட்டோ எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதில் மட்டும் மேலிடத்தோடு கொஞ்சம் மனஸ்தாபம்.

சாக்ஸ் கொடுத்தால் வீடு வந்துவிடாது, அது எனக்கும் தெரியும். நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், தெருவில் இருந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சிகிச்சையைவிட முதலில் வீடு என்றார்கள். 1992-இல் அவர் அதையே திட்டமாக்கினார். குடியை நிறுத்தினால் வீடு, மருந்து சாப்பிட்டால் வீடு என்ற நிபந்தனைகள் கிடையாது. சாவி முதலில், மற்றதெல்லாம் அதன் பிறகு. பின்லாந்து 2008-இல் அதைத் தேசியக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அதெல்லாம் அரசாங்கங்களின் கை. என் கையில் இருப்பது இண்டென்ட் புத்தகம்.

கிளம்பும்போது நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருவருக்கே மூன்று கேக் கிடைக்கும், ஜனவரியில் ஈ காக்கை வராது. அதனால் மிச்சப் பணத்தை வைத்து ஜனவரி இரண்டாம் வாரம் சாக்ஸுக்கு இன்னொரு இண்டென்ட் போட்டேன். அறுபது ஜோடி. பிரிவு என்ற கட்டத்தில் 'பஸ் நிலையம்' என்று எழுதினேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்த பையன், நானே பழக்கிவிட்டவன், கீழே சிவப்பு மசியில் வட்டம் போட்டிருந்தான். பயனாளர் கையொப்பம் இல்லை.

சரி என்று சாயங்காலம் தாளோடு தூணடிக்குப் போனேன். அந்த அம்மா கண்ணருகே பிடித்து மேலிருந்து கீழாக வாசித்தார். "அறுபதா? இங்க அறுபத்திநாலு பேர் இருக்கோம்." அடித்துத் திருத்தினேன். நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டினார், பேனாவைத் தரவில்லை.

"இதையும் அதுல சேர்த்துக்கோ தம்பி" என்றார்.