ரீச்சர் தந்த ‘ஒப்ற் ஃபோர்’

எங்கள் ஆங்கில ரீச்சர் ‘ஒப்ற் ஃபோர்’ (opt for) என்ற தொடருக்காக ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கினார். பொருள் ‘தெரிவுசெய்’ என்பதுதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று வகுப்பே நினைத்தது. அவரோ, ‘சூஸ்’ (choose) இருக்க இது எதற்கு என்ற இடத்திலேயே தொடங்கினார்.

இரண்டு மூன்று வழிகள் முன்னால் கிடக்கின்றன. யோசித்து, மற்றவற்றை விட்டு ஒன்றின் பக்கம் போகிறோம். அந்தப் போக்கைத்தான் ‘ஒப்ற் ஃபோர்’ அழுத்திச் சொல்கிறது. சத்திரசிகிச்சையா மருந்தா என்று வைத்தியர் கேட்கும்போது நோயாளி எடுக்கும் முடிவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கொஞ்சம் உத்தியோகத் தொனி உள்ள தொடர். கூட்டாளிமாரோடு பேசும்போது ‘கோ ஃபோர்’ போதும்.

தமிழ்ப் பிள்ளைகள் தடுக்குப்படுவது அந்த ‘ஃபோர்’ இல்தான். ‘விஞ்ஞானத்தைத் தெரிவுசெய்தேன்’ என்று ‘ஐ’ உருபு போட்டுப் பழகியதால் ‘ஃபோர்’ இல்லாமல் ‘ஐ ஒப்ரட் சயன்ஸ்’ என்று எழுத வந்துவிடும். ரீச்சர் அதற்குச் சொன்ன வழியை நான் வேறெந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை: “‘அவருக்கு வாக்களித்தேன்’ எண்டு சொல்லுறியள்தானே பிள்ளையள்? அந்தக் ‘கு’வை நினைச்சுக்கொள்ளுங்கோ, ‘ஃபோர்’ தானா வரும்.” பின்னால் வினைச்சொல் வந்தால் மட்டும் ‘ரு’ (to): ‘ஷி ஒப்ரட் ரு ஸ்ரே’. என் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வேர் லத்தீனிலுள்ள ‘ஒப்ராரே’. விரும்புதல், தெரிவுசெய்தல் இரண்டும் அதன் பொருள். ‘ஒப்ஷன்’, தத்தெடுப்பதைக் குறிக்கும் ‘அடொப்ற்’, செயற்குழு வெற்றிடத்துக்கு ஒருவரைச் சேர்க்கும்போது நாங்கள் சொல்லும் ‘கோ-ஒப்ற்’ எல்லாம் அதே குடும்பம். தத்தெடுப்பதற்குள் விருப்பமும் தெரிவும் சேர்ந்திருப்பதை ரீச்சர் சொன்னபோது வகுப்பு அமைதியானது.

புலம்பெயர்ந்த எங்களுக்கு அதிகம் உதவியது அவர் கடைசியில் சொன்ன ‘ஒப்ற் இன்’, ‘ஒப்ற் அவுற்’ சோடிதான். ‘ஒப்ற் இன்’ என்றால் நாமாகச் சம்மதம் தெரிவித்தால்தான் சேர்ப்பார்கள். ‘ஒப்ற் அவுற்’ என்றால் ஏற்கெனவே சேர்த்தாயிற்று, விலகுவதானால் நாம்தான் சொல்லவேண்டும். அங்கே மௌனம் சம்மதம். ஓய்வூதியத் திட்டமோ, விளம்பர மின்னஞ்சலோ, படிவத்தில் வெறுமையாக விட்ட பெட்டி எந்தப் பக்கம் கணக்கில் சேரும் என்பதை இந்தச் சின்னச் சொல்தான் தீர்மானிக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொடுக்கும்போது நான் முதலில் விரல் வைத்துக் காட்டுவதும் அந்த இடத்தைத்தான்.