டி.என்.ஏ. முடிவில் வந்த மாமன் மகள்

உமிழ்நீரைக் குப்பியில் எடுத்து அஞ்சலில் அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனையை, லண்டனில் நானும் என்னோடு வந்து தங்கியிருந்த அப்பாவும் சென்ற ஆண்டு செய்துகொண்டோம். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால், குப்பியில் இருந்த கோட்டை எட்டுவதற்குள் அப்பாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

முடிவில் முதலில் கண்ணில் பட்டது பூர்வீகச் சதவீதம். எனக்கு ஏறத்தாழ முழுவதும் தென்னிந்தியா, இலங்கை என்றே இருந்தது. இன்று வாழும் மாதிரிக் குழுக்களோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடு அது. மாதிரிகள் கூடினால் எண்ணும் மாறும் என்பதால் நான் அதில் நெடுநேரம் நிற்கவில்லை.

என்னைக் குழப்பியது உறவினர் பட்டியல்தான். டொராண்டோவில் இருக்கும் மாமன் மகளும் அங்கேயே பரிசோதித்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றாக இருந்த டி.என்.ஏ. துண்டுகளின் மொத்த நீளம் 1,090 சென்டிமார்கன் (அந்த நீளத்தைக் கணக்கிடும் அலகு அது). மாமன் பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் சராசரியாக 850-ஐ ஒட்டித்தான் வரும். அதைவிட, தந்தையோடும் பொருந்துகிறவர் தந்தைவழி உறவினர் என்று விளக்கக் குறிப்பு சொல்ல, அம்மாவின் அண்ணன் மகளான அவர் என் அப்பாவோடு 430 சென்டிமார்கன் பொருந்தியிருந்தார்.

ஒரு தாளில் வம்சாவளியை வரைந்த பிறகே விளங்கியது. அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். அம்மா அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். ஆகவே கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஆறு பேர்தான். 23 ஜோடிக் குரோமோசோம்களில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. மூலத் தரவை இறக்கிப் பெற்றோரின் உறவைக் கணக்கிடும் கருவியில் இட்டபோது, என் ஒன்பதாவது ஜோடியில் 31 சென்டிமார்கன் நீளத்துக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஒரே முன்னோரின் துண்டு அப்பத்தா வழியாகவும் தாத்தா வழியாகவும் இறங்கி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதே இடத்தில் மாமன் மகளும் பொருந்தியதால், அதை அப்பா பக்கம் என்றோ அம்மா பக்கம் என்றோ பிரிக்கவே முடியாது. நம்மைப் போல் சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பத்தார் இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது இதை அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும்.

எக்ஸ் குரோமோசோம் மட்டும் தெளிவாகப் பேசியது. ஆணாகிய எனக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். மாமாவுக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து வந்ததுதான், அதை அப்படியே தம் மகளுக்குக் கொடுத்திருப்பார். எங்கள் இருவருக்கும் அதில் 48 சென்டிமார்கன் நீளத்தில் ஒரே துண்டு இருந்தது. அது அம்மாச்சி கொடுத்தது. புகைப்படம் ஒன்றுகூட இல்லாத அம்மாச்சியை நினைத்தபடி அன்றிரவே மாமன் மகளைத் தொலைபேசியில் அழைத்து, திரையில் அந்த இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.