ஐபிஎம் எக்ஸ்டி, பழைய ஃப்ளாப்பி, ஒரு வழியா பூட் ஆன கதை

கைல இருக்குறது ஐபிஎம் 5160, அதாவது எக்ஸ்டிங்கிற பழைய பர்சனல் கம்ப்யூட்டர். இந்த எக்ஸ்டி முதல்ல வந்தது 1983ல, என்கிட்ட இருக்குறது அதுக்கு அப்புறம் வந்த ஹார்ட் டிஸ்க் இல்லாத, ரெண்டு ஃப்ளாப்பி மட்டும் உள்ள மாடல். 8088 ப்ராசசர், 4.77 மெகாஹெர்ட்ஸ், 640 கேபி மெமரி, பச்சை எழுத்து மானிட்டர். கூடவே ஒரு டப்பா நிறைய 5.25 இஞ்ச் டிஸ்க், அதுல ஒண்ணு பிசி டாஸ் 3.30ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம், 1987 சரக்கு. பழைய மெஷின் பூட் ஆகலன்னா, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறலன்னா, எல்லாரும் மெஷினைத்தான் சந்தேகப்படுவாங்க, ஆனா இந்த வேலைல பாதி நேரம் டிஸ்க்கோடதான் போச்சு.

கரண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி மதர்போர்டுல 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சு பாத்துட்டேன். இந்த போர்டுல இருக்குற டான்டலம் கெப்பாசிட்டர் வயசானா ஷார்ட் ஆகும், சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கவும் செய்யும். நம்மளது நல்லா இருந்துச்சு. பவர் கனெக்டர் ரெண்டையும் திரும்ப மாட்டும்போது கருப்பு வயர் எல்லாம் நடுவுல பக்கத்து பக்கத்துல வரணும், இதை மாத்தி மாட்டினா போர்டு போயிடும்.

ஆன் பண்ணதும் மெமரி கவுண்ட் ஓட ஆரம்பிச்சுது, 640 வரைக்கும் மெதுவா ஏறும், அதுவரைக்கும் சும்மா பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல 601. அதுக்கு ஃப்ளாப்பி பக்கம் பிரச்சனைன்னு அர்த்தம். டிரைவ் லைட் எரியுது, மோட்டார் சுத்துது, ஆனா டிஸ்க்கை படிக்கிற ஹெட் நகர்ற சத்தம் இல்ல. கழட்டி பாத்தா ஹெட் போற ரெயில்ல இருந்த பழைய கிரீஸ் கோந்து மாதிரி இறுகிப்போய் இருந்துச்சு, விரலால தள்ளினாக்கூட முனகிட்டேதான் போகுது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு எடுத்துட்டு மெலிசான ஆயில் ஒரு துளி விட்டு முன்னாடி பின்னாடி தள்ளி விட்டேன், அடுத்த தடவை ஆன் பண்ணும்போது அந்த 'டர்ர்க்' சத்தம் வந்துச்சு, 601 காணோம்.

ஆனா டாஸ் வரல, பேசிக்ங்கிற ப்ரோக்ராமிங் மொழி வந்துச்சு. ஐபிஎம் மெஷின்ல இருக்குற வசதி இது, ரோம்லயே கேசட் பேசிக் இருக்கும், பூட் பண்ண எதுவும் கிடைக்கலன்னா பயாஸ் (மெஷினை எழுப்புற ரோம் ப்ரோக்ராம்) அங்க போய் நின்னுக்கும். பயாஸ் பண்றது ரொம்ப சின்ன வேலைதான்: ட்ராக் (டிஸ்க்ல இருக்குற வட்டம்) பூஜ்யம், செக்டர் (அந்த வட்டத்துல ஒரு துண்டு) ஒண்ணு, அந்த 512 பைட்டை எடுத்து மெமரில 7சி00ங்கிற இடத்துல வச்சுட்டு அங்க குதிக்கணும். படிக்க முடியலன்னா நாலு தடவை ட்ரை பண்ணும், அப்புறம் பேசிக். அதனால பேசிக் வந்தா ஒரு விஷயம் தெளிவு, ஹெட் நகருது, ஆனா அந்த முதல் செக்டரைக்கூட படிக்க முடியல.

ஹெட்டை காட்டன் பட்ஸ்ல துடைச்சேன், நல்ல பழுப்பு கலர்ல வந்துச்சு. அது கிரீஸ் இல்ல, டிஸ்க்கோட ஆக்சைடு பூச்சு உரிஞ்சு ஹெட்ல ஒட்டினது. இதைப் பாத்தவுடனே டப்பால இருந்த டிஸ்க் எதையும் மெஷின்ல போடுறதை நிறுத்திட்டேன். பூச்சு உரியிற டிஸ்க் ஒண்ணைப் போட்டா அது ஹெட்டை அழுக்காக்கும், அழுக்கு ஹெட் அடுத்த நல்ல டிஸ்க்கை வட்டமா சுரண்டும், இப்படியே டப்பா காலி. டிஸ்க் உறைல ஹெட் தொடுறதுக்குன்னு நீளமா ஒரு திறப்பு இருக்குமே, அதுல பாத்துக்கிட்டே நடுவுல கைய வச்சு மெதுவா சுத்தினா தெரிஞ்சுடும். சீரா பளபளன்னு இருந்தா பரவால்ல, வட்டமா கோடு விழுந்து அந்தக் கோடு வழியா வெளிச்சம் தெரிஞ்சா அந்த ட்ராக் போச்சு, வெள்ளையா புள்ளி புள்ளியா இருந்தா பூஞ்சை.

அடுத்தது ஸ்பீடு. 360 கேபி டிரைவ் நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்தணும். இந்த டிரைவ் பெல்ட் வச்சது, அடியில இருக்குற சக்கரத்துல கருப்பு வெள்ளை கட்டம் போட்ட ரெண்டு வளையம் இருக்கும், ஒண்ணு 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, ஒண்ணு 60க்கு. லைட் வெளிச்சத்துல பாத்தா நமக்கான வளையத்துல கட்டம் அசையாம நிக்கணும், நகர்ந்தா ஸ்பீடு தப்பு. இதுல காமெடி என்னன்னா எல்இடி பல்பு நிறைய அந்த மாதிரி விட்டு விட்டு எரியாது, அதனால கட்டம் தெரியாம வெறும் சாம்பல் கலர்லதான் தெரியும். சோக் போட்ட பழைய டியூப்லைட் ஒண்ணை தேடி எடுத்து அதுக்கு கீழ வச்சதும் கட்டம் மெதுவா ஒரு பக்கமா ஊர்ந்து போறது அழகா தெரிஞ்சுது, ஸ்பீடு கூட்டிக் குறைக்கிற குட்டி ட்ரிம்மரை ஸ்க்ரூடிரைவரால லேசா திருப்ப திருப்ப அந்த ஊர்றது குறைஞ்சு நின்னுச்சு.

நின்னுச்சுன்னு கண்ணை மட்டும் நம்பறது எப்படி, ஸ்பீடு செக் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு ஆனா அதை ஓட்ட முதல்ல பூட் ஆகணுமே. இங்கதான் க்ரீஸ்வீசல்னு ஒரு குட்டி போர்டு காப்பாத்துச்சு. இப்போ உள்ள கம்ப்யூட்டர்ல யுஎஸ்பில சொருகி, அந்தப்பக்கம் ஃப்ளாப்பி டிரைவை மாட்டினா டிஸ்க்ல இருக்குற காந்த மாற்றத்தை அப்படியே நேரம் அளந்து பதிஞ்சு குடுக்கும். எக்ஸ்டில இருந்து ஏ டிரைவை அப்படியே வெளிய எடுத்து தனி பவர் சப்ளைல 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் குடுத்து இதோட மாட்டினேன். ஏ டிரைவ்தான் கேபிளோட கடைசில இருக்கும், கேபிள் கடைசில சிக்னல் எதிரொலிக்காம தடுக்குற டெர்மினேட்டர் ரெசிஸ்டர் அதுலதான் இருக்கும், அதைக் கழட்டாம அப்படியே விட்டுடணும். ஆர்பிஎம் கேட்டா 300க்கு ரொம்ப பக்கத்துல காட்டுச்சு. டியூப்லைட் வாழ்க.

இப்போ அந்த டாஸ் டிஸ்க். திறப்பு வழியா மேற்பரப்பை ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால கொஞ்சம் கொஞ்சமா சுத்தி துடைச்சு, முழுசா காய விட்டு, அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கையும் பல சுத்து படிக்கச் சொன்னேன். ஒரு சுத்துல சரியா வராத செக்டர் இன்னொரு சுத்துல வந்துடும், அதுதான் இந்த முறைல இருக்குற பெரிய லாபம். முதல் தடவை பூட் செக்டரே, அதாவது பயாஸ் தேடுற அந்த முதல் செக்டரே வரல, ட்ராக் பூஜ்யத்துலயே ஓட்டை. பேசிக் வந்ததுல ஆச்சரியமே இல்ல! ஹெட்டை திரும்ப துடைச்சு, திரும்ப படிச்சு, கடைசில எல்லா செக்டரும் வந்துடுச்சு. இமேஜ் ஃபைல் (டிஸ்க்கோட முழு நகல்) சரியா 3,68,640 பைட், அதாவது ரெண்டு பக்கம், பக்கத்துக்கு 40 ட்ராக், ட்ராக்குக்கு 9 செக்டர்.

இதை வேற ஒரு டிஸ்க்ல எழுதுறதுக்கு டபுள் டென்சிட்டி, அதாவது 360 கேபி டிஸ்க்தான் வேணும். 1.2 எம்பி டிஸ்க் பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா அதோட பூச்சுல எழுத ரெட்டிப்பு காந்த பலம் வேணும், 360 கேபி டிரைவ்ல எழுதினா நிக்காது. அதே மாதிரி 1.2 எம்பி டிரைவ்ல 360 கேபி டிஸ்க் எழுதுறதையும் தவிர்க்கிறது நல்லது, அதோட ட்ராக் அகலம் கிட்டத்தட்ட பாதிதான், ஏற்கனவே எழுதின டிஸ்க்னா பழைய ட்ராக்கோட ஓரம் அழியாம நிக்கும், பழைய டிரைவோட அகலமான ஹெட் புதுசையும் பழசையும் சேத்து படிச்சு குழம்பும். நான் அந்த ஏ டிரைவையே வச்சு எழுதினேன், எது படிக்கப்போகுதோ அதுவே எழுதினா அலைன்மென்ட் வம்பும் இல்ல. இன்னொண்ணு, ஃபைலை மட்டும் காப்பி பண்ணா பூட் டிஸ்க் ஆகாது, ஐபிஎம்பயோ, ஐபிஎம்டாஸ்னு டாஸோட ரெண்டு சிஸ்டம் ஃபைலும் டைரக்டரில முதல் ரெண்டு இடத்துல இருக்கணும், பூட் செக்டர் அங்கதான் தேடும். முழு இமேஜா எழுதினா இந்தக் கவலை இல்ல.

டிரைவை திரும்ப மாட்டி, டிஸ்க்கை உள்ள விட்டு, லீவரை கீழ தள்ளி ஆன் பண்ணேன். கவுண்ட் முடிஞ்சு ஒரு பீப், லைட் எரிஞ்சுது, டர்ர்க், டக், டக், டக்னு ஹெட் ஒவ்வொரு ட்ராக்கா உள்ள போகுது, இந்தத் தடவை சத்தம் நிக்கவே இல்ல. அப்புறம் பச்சையா ஒரு வரி: இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, 1-01-1980ன்னு. கடிகாரமே இல்லாத மெஷின், டாஸுக்கு காலண்டர் அங்க இருந்துதான் ஆரம்பம். வருஷத்தை நாலு இலக்கமா வச்சு தேதியை அடிச்சு, அடுத்து கேட்ட நேரத்துக்கும் என்டர் தட்டினதும் ஏ ப்ராம்ப்ட், டாஸ் கட்டளைக்கு ரெடி.

டாஸோட ரெண்டாவது டிஸ்க்கையும் இதே மாதிரி காப்பாத்தி, டிஸ்க்கை சரிபார்க்குற செக்டிஸ்க் கட்டளையை ஓட்டினேன், மெமரி 6,55,360, டிஸ்க்ல 3,62,496 பைட். மிச்ச 6,144 எங்க போச்சுன்னா பூட் செக்டர் ஒண்ணு, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிக்கிற ஃபேட் டேபிள் ரெண்டு காப்பிக்கு நாலு, ரூட் டைரக்டரிக்கு ஏழு, மொத்தம் 12 செக்டர். பேட் செக்டர் வரி எதுவும் வரல.

ஃப்ளாப்பி டிரைவ் மாதிரி நடிக்கிற கோடெக் (Gotek) எமுலேட்டர் போட்டிருந்தா பென்டிரைவ்லயே வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னு சொல்வாங்க, முடிஞ்சிருக்கும்தான், ஆனா டப்பால இருக்குற டிஸ்க்கை அது படிக்காதே. இப்போ மிச்ச டிஸ்க்கை ஒவ்வொண்ணா பாத்து, துடைச்சு, இமேஜ் எடுத்துட்டு இருக்கேன், ஒவ்வொரு டிஸ்க்குக்கு நடுவுலயும் ஹெட்டை துடைச்சுட்டுதான் அடுத்தது. பி டிரைவ்ல லைட் எரியுது, மோட்டார் சத்தம் கேக்குது, டிஸ்க் மட்டும் சுத்தல. பெல்ட் அறுந்திருக்கணும், அடுத்து அதைத்தான் திறக்கணும்.