குரோமார்ட்டி கரையிலிருந்து காஞ்சிபுரம் வரை: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு. இன்வர்னஸ், ஸ்காட்லாந்து

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்று மதியம் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் மன்றோ. காலமான அவருடைய அண்ணன் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து எப்போதோ வாங்கி வைத்த நகல் ஒன்று உள்ளே இருந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "நீ இந்தியாக்காரி, இவர் இந்தியாவுக்குப் போனவராம், நீயே படித்துச் சொல்" என்றார்.

அது ஒரு சிப்பாயைப் பணியிலிருந்து விலக்கிய சான்று. சிப்பாய்களின் ஓய்வூதியத்தைக் கவனித்துவந்த லண்டன் செல்சி மருத்துவமனையில் கொடுக்கும் தாள். பாதி அச்சு, பாதி கையெழுத்து. பிறந்த இடம் ராஸ்ஷயரில் ஆல்னஸ். தொழில் நெசவு. படைப்பிரிவு 71வது ஹைலேண்டர்கள், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டவரின் படை. சேர்ந்தது 1778, விலக்கியது 1798. காரணம் என்ற இடத்தில், கிழக்கிந்தியாவில் நெடுங்காலம் இருந்து உடல் தேய்ந்துபோனவர் என்று ஒரு வரி. உயரம், தலைமுடி நிறம், கண் நிறம் எல்லாம் இருக்கின்றன. ஆள் மாறாட்டம் நடந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியவை. இன்றைக்கு அந்த ஒரு வரியில்தான் அவர் முகம் மிச்சம். அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. பேனாவை அழுத்திப் போட்டிருக்கிறார். ஒரு கோடு மற்றதைவிட நீளம்.

71வது என்பது 1786க்கு முன்பு 73வது. மெக்லவுட் பிரபு திரட்டிய படை. 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் படை எங்கே நின்றது என்பது காஞ்சிபுரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும்.

பாட்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கள் ஆள் மன்றோ குலத் தலைவர்களுக்குச் சொந்தமா, இல்லையா?

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "நெசவுக்காரனா? நெசவுக்காரன் துப்பாக்கி தூக்கிக்கிட்டு நம்ம ஊருக்கா வந்தான்?" என்று கேட்டாள்.

மார்ச் 9, சனி

இங்குள்ள ஹைலேண்ட் ஆவண மையத்தில் மன்றோ குலத்தின் வம்சாவளியைப் பார்த்தேன். தலைமைக் குடும்பத்தின் இருப்பிடம் ஃபவுலிஸ், குரோமார்ட்டி கழிமுகத்தின் வடகரையில். கோடைக்கு நடுவில் மன்னர் கேட்டாலும் ஒரு பனி உருண்டை கொண்டுவந்து தர வேண்டும் என்பதுதான் அந்த நிலத்துக்கான குத்தகை என்று சொல்வார்கள். பின்னால் நிற்கும் பென் விவிஸ் மலையின் இடுக்குகளில் வெகுநாள் பனி கிடக்கும் என்பதால் அந்தக் குத்தகை அவர்களுக்குச் சிரமமில்லை.

வம்சாவளிகளில் எல்லோரும் பிறந்த ஆண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் இறந்த இடங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். 18வது தலைவர் ராபர்ட் மன்றோ, 'கறுப்புப் பிரபு' என்று பெயர் பெற்றவர், ஜெர்மனியின் உல்ம் நகரில் 1633ல். காலில் பட்ட துப்பாக்கிக் காயம். அவருக்குப் பின் வந்த தம்பி ஹெக்டர் ஹாம்பர்க்கில் 1635ல். ஒரு மலையடிவாரப் பண்ணையின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்து ஜெர்மன் மண்ணில் செத்திருக்கிறார்கள்.

காரணம் கடன். கறுப்புப் பிரபு சொத்தைக் கரைத்துவிட்டு, அடைக்க வழியில்லாமல் சாதாரணத் தன்னார்வலராகப் படையில் சேர்ந்தார். 1626ல் டொனால்ட் மெக்கே திரட்டிய படை குரோமார்ட்டியில் கப்பலேறி டென்மார்க் மன்னருக்காகப் போனது, பிறகு ஸ்வீடனின் கஸ்டாவஸ் அடால்ஃபஸிடம் மாறியது. முப்பதாண்டுப் போர் முழுக்க இந்தக் கரையின் ஆண்கள் கூலிக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தப் படையில் இருந்த இன்னொரு ராபர்ட் மன்றோ தங்கள் அனுபவங்களை எழுதி 1637ல் லண்டனில் அச்சிட்டார்.

நிலம் மூத்தவனுக்கு. மற்ற பிள்ளைகளுக்குச் சட்டம், சர்ச், அல்லது வாள். திரைகடல் ஓடித் திரவியம் தேடியவர்கள்தான், ஆனால் இவர்கள் விற்ற சரக்கு தங்கள் உடம்பு.

மார்ச் 16, சனி

இன்று முழுவதும் 1746லேயே கிடந்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

கழிமுகத்தின் கரையில் இரண்டு பெரிய குடும்பங்கள். மன்றோக்கள் லண்டன் அரசரின் பக்கம். கொஞ்சம் கிழக்கே குரோமார்ட்டி பிரபுவின் மெக்கன்சிகள் 1745 கிளர்ச்சியில், அரியணையை மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசரின் பக்கம் போனார்கள். 1746 ஜனவரி 17 அன்று ஃபால்கிர்க்கில் இரு தரப்பும் மோதின. மன்றோ தலைவர் சர் ராபர்ட் அங்கே கொல்லப்பட்டார். முந்தைய ஆண்டு ஃபோன்டனாய் போரில் பிளாக் வாட்ச் என்ற ஹைலேண்ட் படையை நடத்தியவர் அவர். கூடவே, மருத்துவரான தம்பி டங்கனும் இறந்தார்.

மறுநாள் நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சர் ராபர்ட்டை ஃபால்கிர்க் சர்ச் வளாகத்தில் மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் எதிரணியில் இருந்த குரோமார்ட்டி பிரபு. அவருடைய மகன் ஜான், மெக்லவுட் பிரபு என்ற பட்டத்தோடு அதே படையில் இருந்தார். அப்போது இருபது வயதுகூட ஆகாத பையன்.

மூன்று மாதத்தில் கிளர்ச்சி முறிந்தது. கிளர்ச்சியை முறித்த கல்லொடன் போருக்கு முந்தைய நாள் அப்பாவும் மகனும் டன்ராபின் கோட்டையில் பிடிபட்டார்கள். அப்பாவுக்கு மரண தண்டனை, பிறகு உயிர்ப்பிச்சை. நிலம் முழுவதும் பறிமுதல். மன்னிப்புக் கிடைத்த பிறகு மகன் ஸ்வீடனுக்குப் போய் அந்த நாட்டுப் படையில் உயர்ந்தார். 1777ல் திரும்பி வந்து, எந்த அரசை எதிர்த்தாரோ அதே அரசுக்கு ஒரு படை திரட்டித் தருகிறேன் என்றார். கையில் நிலமில்லை, பணமில்லை. அப்பா பெயருக்கு இருந்த மதிப்பு மட்டும் இருந்தது. அதைக் கேட்டு ஹைலேண்ட் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதுதான் 73வது. பாட்டியின் நெசவுக்காரர் சேர்ந்த படை.

ஒரு பிரபு தன் குடும்பத்து நிலத்தை மீட்க, நிலமே இல்லாதவர்கள் கடல் கடந்தார்கள். 1784ல் 19,000 பவுண்டு கட்டச்சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மெக்லவுட் பிரபு அங்கே டார்பட் மாளிகையைக் கட்டினார்.

மார்ச் 24, ஞாயிறு

காஞ்சிபுரம்.

1780 ஜூலையில் ஹைதர் அலி மலை இறங்கிக் கர்நாடகச் சமவெளிக்குள், அதாவது அன்றைய ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, நோவார் கிளையைச் சேர்ந்தவர். 1764ல் பக்சாரில் வென்றவர். அதற்குச் சற்று முன், கலகம் செய்த 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் அவர் வெற்றியைச் சொல்லக் கூடாது.

வடக்கேயிருந்து வரும் கர்னல் வில்லியம் பெய்லியின் படையைக் காஞ்சிபுரத்தில் வைத்துச் சேர்த்துக்கொள்வது மன்றோவின் திட்டம். எதிரி நடமாடும் நாட்டின் நடுவே போய்ச் சேர்வது ஆபத்து என்று தடுத்தவர் மெக்லவுட் பிரபு. ஃபால்கிர்க்கில் மன்றோக்களை எதிர்த்து நின்ற பையன், 34 ஆண்டு கழித்து இன்னொரு மன்றோவின் கீழ், ஒரே சிவப்புச் சட்டையில், நம் ஊர் விஷயத்துக்காக வாதாடுகிறார். அவர் சொல் எடுபடவில்லை.

பெய்லியைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் நாட்கணக்கில் நிறுத்திவைத்தது. மன்றோ காஞ்சியிலிருந்து கர்னல் ஃபிளெச்சருடன் சுமார் 1,000 பேரை உதவிக்கு அனுப்பினார். அதில் 73வது படையின் இரண்டு கம்பெனிகள், தலைமை கேப்டன் டேவிட் பெயர்ட். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லியின் படை அழிந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறைக்குப் போனார்கள். சில மைல் தொலைவில் இருந்த மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

பள்ளிக்கூட நாளில் புள்ளலூர் வழியாகச் சைக்கிளில் போயிருக்கிறேன். மகேந்திரவர்மனும் புலிகேசியும் மோதிய இடம் என்று வாத்தியார் சொல்வார். இந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெயர்ட்டின் அம்மா கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும், "எங்கள் டேவியோடு கட்டப்பட்டவன் பாவம்" என்றாளாம். அந்த அம்மாவுக்கு மகன் எங்கே என்று தெரிந்தது, 1784ல் அவன் விடுதலையும் ஆனான். பெய்லி 1782ல் சிறையிலேயே இறந்தார். அவருக்கும் அங்கே நினைவுச் சின்னம் உண்டு. பெய்லியோடு போனவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். நான் படித்த கணக்குகளில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. நெசவுக்காரருக்கு முடி நிறம்வரை எழுதிவைத்த அரசாங்கம், அவர் பக்கத்தில் நின்று செத்தவனின் ஊர்ப்பெயரை இந்தப் பக்கங்களில் எழுதவில்லை. எனக்கு ஆறவில்லை.

ஏப்ரல் 6, சனி

ஃபைரிஷ் குன்று ஏறினேன். ஆல்னஸுக்கு மேலே, 453 மீட்டர். பைன் காட்டுக்குள் செங்குத்தாக ஏறி, கடைசியில் திறந்த புல்வெளி. காற்று ஆளைத் தள்ளியது.

உச்சியில் நிற்பது நாகப்பட்டினம் கோட்டை வாசலின் வடிவம். 1781 நவம்பர் 12 அன்று, அட்மிரல் ஹியூஸின் கப்பற்படை உதவியோடு, ஐப்பசி மழைக்கு நடுவே டச்சுக்காரர்களிடமிருந்து ஹெக்டர் மன்றோ நாகையைப் பிடித்தார். காஞ்சிபுரத்தில் போன பெயரை நாகையில் மீட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர் இதைக் கட்டவைத்தார். நடுவில் மூன்று வளைவுகள், இருபுறமும் தனித்தனித் தூண்கள். சொரசொரப்பான கல். வளைவின் உள்பக்கம் கை வைத்தால் ஈரமும் பாசியும்.

வேலையில்லாத ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டினார் என்றும், வேலை சீக்கிரம் முடிந்துவிடாமல் இருக்க ராத்திரியில் கற்களைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி சுமக்கவைத்தார் என்றும் இங்கே பேச்சு உண்டு. கருணை என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 1792ல் இதே ராஸ்ஷயரில் ஆட்டு மந்தைகளுக்காக விவசாயிகளை வெளியேற்றினார்கள். அவர்கள் திரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது அடக்க வந்தது பிளாக் வாட்ச், ஹைலேண்ட்காரர்களின் சொந்தப் படை. கூலிக்கு ஏங்கும் நிலை தானாக வந்ததில்லை.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பின்னால் பனியோடு பென் விவிஸ். கீழே கழிமுகத்தில் எண்ணெய்த் துரப்பண மேடைகள் வரிசையாக நிற்கின்றன. வலது பக்கம் ஃபவுலிஸ், அடிவாரத்தில் நோவார், இடது பக்கம் தூரத்தில் டார்பட். காஞ்சிபுரத்தில் வாதாடிய மன்றோவும் மெக்லவுட் பிரபுவும் ஒரே பார்வைக்குள் அடங்கும் நிலத்திலிருந்து வந்தவர்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாயசம் எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். கண்டதையெல்லாம் சொன்னேன்.

நம் ஊரில் மன்றோ என்றால் எல்லோரையும் ஒன்றாக்கிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் இருப்பவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோ வியாபாரியின் மகன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடிந்ததால் படைக்கு வந்தவர், பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், ஏழாண்டு நிலவரி பார்த்தவர், 1820லிருந்து ஆளுநர். திருவிதாங்கூர் திவானாக இருந்த ஜான் மன்றோ, ஆல்னஸை ஒட்டிய டீனினிக் குடும்பம். ஹெக்டர் நோவார். ஹெக்டரின் மகன் ஹியூ 1792 டிசம்பரில் வங்காளத்துச் சாகர் தீவில் புலியடித்துச் செத்தான்.

பாட்டியின் கேள்விக்குப் பதில், தலைவர்களோடு ரத்த உறவுக்கு எழுத்து ஆதாரம் இல்லை. ஹைலேண்டில் தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் குலப்பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆல்னஸ் ஞானஸ்நானப் பதிவேட்டில் நான்கு மன்றோ குடும்பங்கள், நான்கிலும் ஹெக்டரும் ராபர்ட்டும் ஜானும். இங்கேயும் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வழக்கம். அதனால் பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. நல்லவேளை, ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைவதில்லை. அந்த வழியாக, நெசவுக்காரரின் தாய் பிறந்த வீடு ராஸ் என்பதுவரை போய்விட்டேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தலைவன் சொந்தம் இல்லாவிட்டால் போகட்டும், சிறையில் இருந்தாரா என்று பார்த்துச் சொல்" என்றார்.

அதற்கு ஒரே வழி கியூவில் உள்ள படைப்பிரிவின் பெயர்ப்பட்டியல். 1780 செப்டம்பருக்குப் பிந்தைய பட்டியலில் அவர் பெயர் எந்தக் கம்பெனியில், கைதி என்ற குறிப்போடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகலுக்கு எழுதிவிட்டேன். பெய்லியோடு போன சிப்பாய்ப் பட்டாலியன்களுக்குச் சென்னையிலிருந்து போன கடிதங்களில் ஏதாவது பெயர் கிடைக்குமா என்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் தனியாகக் கேட்டிருக்கிறேன். ஒரு சுபேதார் பெயர் கிடைத்தாலும் இங்கே எழுதுகிறேன்.