வெயில்ல ஏத்துனது சார்

அந்த டேங்கர் டிரைவர் சொன்னது மூன்றே சொல்: "வெயில்ல ஏத்துனது சார்." நான் பதில்கூடச் சொல்லவில்லை. கால்குலேட்டரைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். கணக்கை விட அந்தச் செய்கைதான் இப்போதும் கூசுகிறது.

பில்லில் மெத்தனால் 12,000 லிட்டர். எங்கள் எடைமேடையில் நிகர எடை 9,290 கிலோ. லேபில் சாம்பிளை 20 டிகிரிக்குக் குளிரவைத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டதில் அடர்த்தி லிட்டருக்கு 0.791 கிலோ. சுத்தமான சரக்கு. கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர், பள்ளிக்கூடக் கணக்கு. வந்தது 11,745. 255 லிட்டரைக் காணோம்.

வேறு சரக்கென்றால் சிப்காட்டில் இதெல்லாம் ஒரு போன் காலோடு முடிந்துவிடும். இது மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தார்கள். அடுத்த வருடம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். அந்த 255 லிட்டர் எங்கே என்று நாளை யாராவது கேட்டால் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும். பயந்தேன். பயந்தது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவ்வளவு பயந்தவன் கணக்கை இன்னொரு தரம் பார்த்திருக்க வேண்டாமா?

"சீல் அப்படியே இருக்கு பாருங்க சார்" என்றார். சீலை நம்பி ஏமாந்த கதைகள் ஸ்டோர்ஸில் நிறைய உண்டு. ராத்திரி முழுக்க வண்டி கேட்டிலேயே நின்றது. காலையில் வண்டி முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. காணாத லிட்டருக்கான பிடித்தம் டிரைவர் கணக்கில்தான் என்பதும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து லேபில் ஒரு அளவுக் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எந்த வெப்பநிலையில் அதன் கோடு சரி என்று கண்ணாடியிலேயே பொறித்திருக்கும். தினமும் கண்ணில் படுவதுதான். அன்றைக்குத்தான் படித்தேன்.

மெத்தனால் ஒரு டிகிரி ஏறினால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் மேலேயே விரியும். கிலோ மாறாது, லிட்டர் மாறும். ஏற்றிய இடத்தில் மதிய வெயிலில் மீட்டர் வைத்து லிட்டர் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். நானோ 20 டிகிரி அடர்த்தியால் வகுத்திருக்கிறேன். 38 டிகிரி என்று வைத்தால் அடர்த்தி 0.7745 அளவுக்கு இறங்கும். வகுத்தால் 11,995 லிட்டர். மீதி ஐந்து லிட்டர் நாலு கிலோகூட இல்லை. எங்கள் எடைமேடையோ பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அந்த மூன்று சொல்லில் இவ்வளவும் இருந்தது. நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன்.

சரி, இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த 38 எங்கிருந்து வந்தது? ஏற்றும்போது யாரும் தெர்மாமீட்டர் விட்டதாகப் பில்லில் இல்லை. வெயில் காலம், மதியம், அதனால் 38 என்று நானே வைத்துக்கொண்டது. 32 என்று வைத்தால் இன்னமும் 90 லிட்டர் குறைகிறது. அப்படியானால் நான் வெப்பநிலையைக் கண்டுபிடித்தேனா, இல்லை பில்லோடு ஒத்துப்போகும் வெப்பநிலையைத் தேடி எடுத்தேனா? முதல் நாள் அவரைத் திருடனாக்கிய அதே கால்குலேட்டரை வைத்துத்தான் மூன்றாம் நாள் அவரை விடுவித்தேன். இரண்டு தடவையும் சமமான உறுதியோடு.

திருத்திய கணக்கை ஸ்டோர்ஸுக்கு மெயில் அனுப்பினேன். பணம் பிடிக்கப் போட்டிருந்த டெபிட் நோட்டை ரத்து செய்தார்கள். டிரைவருக்குப் பிடித்த பணம் திரும்பப் போனதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், நம்பர் கேட் ரிஜிஸ்டரிலேயே இருந்தது. அது வண்டிக்காரர்கள் விவகாரம் என்று அப்போது தோன்றியது. இல்லை, கேட்டால் 'அன்றைக்கே சொன்னேனே சார்' என்பாரே என்று தோன்றியது.

அப்புறம் கேட் ரிஜிஸ்டரில் 'ஏற்றியபோது வெப்பநிலை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். எல்லா வண்டிக்கும் 30 என்று எழுதியிருக்கிறது.