22-ஆவது வினாவும் காலை மாத்திரையும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருப்பதைக் கோயம்புத்தூர் மருத்துவர் உறுதிசெய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, கோத்தகிரியில் எங்களை அறிந்தவர்கள், "மாத்திரைதான் கொடுக்கிறீர்களே, டியூஷன் எதற்கு?" என்று கேட்கிறார்கள், டியூஷன் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

அவன் சாப்பிடுவது மெத்தில்ஃபெனிடேட். மூளையின் முன்பகுதியில் டோப்பமின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருட்களின் செயல்பாட்டைக் கூட்டிக் கவனத்தை நிலைநிறுத்த உதவும் இம்மருந்தின் சாதாரண வகை, ஏறத்தாழ நான்கு மணி நேரமே வேலை செய்யும். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் மதியத்தோடு அதன் பலன் தீர்ந்துவிடும். நாங்களோ மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளையை டியூஷனில் உட்காரவைத்துவிட்டு, மாத்திரை சாப்பிட்டும் கவனம் இல்லையே என்று அவனைத் திட்டினோம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்லியம் பெல்ஹாம் குழுவினர், ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 12 வயது வரையுள்ள 173 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 2022-இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்த நாட்களில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், கூடுதலான கணக்குகளைப் போட்டு முடித்தார்கள். ஆனால் புதிதாகக் கற்பித்த பாடத்தை, மருந்து இல்லாத நாட்களைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. தேர்வு நாளில் மருந்து எடுத்தால் மதிப்பெண் சற்றே உயர்ந்தது, அவ்வளவுதான். என் மகன் அவர்களைவிட மூத்தவன் என்றாலும், வீட்டில் நான் கண்டதும் இதுவே.

அறிவியல் மாதிரித் தேர்வில், பத்தில் ஏழுக்கு விடை எழுத வேண்டிய இரண்டு மதிப்பெண் பகுதியில், தான் தேர்ந்த ஏழு வினாக்களுக்கும் சரியாக எழுதியிருந்தான். ஆனால் கட்டாய வினாவான 22-ஐத் தொடவே இல்லை. "அப்படி ஒரு வரி போட்டிருந்ததா அம்மா?" என்று அவன் கேட்டபோது, இது படிப்பின் குறை அன்று, வினாத்தாளை வாசிக்கும் பழக்கத்தின் குறை என்பது புரிந்தது. அந்தப் பழக்கத்தை எந்த மாத்திரையும் கற்றுத்தராது.

மாலை டியூஷனை நிறுத்திவிட்டோம். சனிக்கிழமை காலையில், மருந்து வேலை செய்யும் நேரத்தில், பழைய வினாத்தாளை இருபது இருபது நிமிடமாகப் பிரித்து எழுதுகிறான். வினாத்தாளை வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் கட்டாய வினாக்களைப் பென்சிலால் வட்டமிடுவதுதான் முதல் வேலை. தேர்வு ஒன்றே கால் மணிக்கு முடிகிறது, ஏழு மதிப்பெண் விடைகள் கடைசியில் வருகின்றன என்பதை மருத்துவரிடம் சொல்வதற்காகவே ஒருமுறை மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய் வந்தோம். அதற்கேற்ப மருந்தை மாற்றித் தந்தவர் மருத்துவர்தான், அதில் நாமாகக் கைவைக்கக் கூடாது. பசி மந்தமாகும் என்பதால் இட்லி இறங்கிய பிறகே மாத்திரை.

போன சனிக்கிழமை கட்டாய வினாக்களான 22-உம் 32-உம் வட்டத்துக்குள் இருந்தன. ஏழு மதிப்பெண் வினா ஒன்றில் 'ஆ' பிரிவை விட்டுவிட்டான். இந்த வாரம் அதைப் பார்க்க வேண்டும்.